பென்டாக்ஸ் கே1000 கேமராவில் இரண்டு ஒளிக்கசிவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உட்பட்டது ஒரு பென்டாக்ஸ் கே1000 வகைக் கேமரா. 1976 முதல் 1997 வரை உற்பத்தியில் இருந்த இந்த 35 மி.மீ. கேமராவின் ஷட்டர் (பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை அமைப்பு) முழுக்க முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே தேவைப்படும். ரப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள் கிடைமட்டமாக ஓடி, 1 நொடி முதல் 1/1000 நொடி வரையிலான வேகங்களைத் தருகின்றன. எளிய அமைப்பும் உறுதியான உலோக உடலும் கொண்டிருப்பதால், பழைய பிலிம் கேமராவில் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது.

சென்னையில் வசிக்கும் உரிமையாளருக்கு இது அவருடைய தாய்மாமாவிடமிருந்து வந்தது. எண்பதுகளில் வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கியதை அவர் ஊர் திரும்பிய பிறகும் சில ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறார். அதன்பின் கேமரா தோல் உறைக்குள் மூடப்பட்டு இரும்புப் பீரோவுக்குள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்தது. சென்னையின் ஈரப்பதத்தில் தோல் உறை என்பது ஒரு கேமராவுக்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான இருப்பிடங்களில் ஒன்று. ஆயினும் லென்ஸில் பூஞ்சை லேசாகவே படர்ந்திருந்தது; ஷட்டர் எல்லா வேகங்களிலும் இயங்கியது; ஒளிமானியும் புதிய பேட்டரி போட்டவுடன் அசைந்தது. இவற்றைக் கண்டு கேமரா நல்ல நிலையில் இருப்பதாகக் கருதிய உரிமையாளர், 200 வேகக் (பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) கலர் நெகடிவ் சுருள் ஒன்றை ஏற்றிக்கொண்டு குடும்பத்துடன் ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பயணத்துக்கு அதை எடுத்துச் சென்றார்.

முதல் சுருளில் காணப்பட்டவை

லேபிலிருந்து வந்த ஸ்கேன்களில் பெரும்பாலான படங்களின் வலப்பாதியில் ஆரஞ்சு கலந்த சிவப்புப் பட்டை ஒன்று விழுந்திருந்தது. மேல் விளிம்பில் அடர்ந்தும் கீழே வர வர மங்கியும் காணப்பட்ட அந்தப் பட்டை, சில படங்களில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிதாக இருந்தது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தை எடுத்த ஒரு படத்திலோ காட்சியின் மூன்றில் ஒரு பங்கை விழுங்கியிருந்தது. இதைத் தவிர, நீல வானம் இடம்பெற்ற படங்கள் சிலவற்றின் இடது மேல் பகுதியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. லேபில் விசாரித்தபோது அது ஸ்கேன் செய்கையில் ஒட்டிய தூசி என்று சொன்னார்கள். பட்டையின் மீதே எல்லோருடைய கவனமும் இருந்ததால், அந்த விளக்கத்தை யாரும் அப்போது சோதித்துப் பார்க்கவில்லை.

உரிமையாளர் முதலில் அணுகிய கடையில், பட்டை படத்தின் வலது மேல் பகுதியில் தெரிவதால் கேமராவின் வலது மேல் மூலையில்தான் ஒளி நுழைகிறது என்று முடிவு செய்து, பின்கதவின் அந்த மூலையில் வெளிப்புறமாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக் கொடுத்தார்கள். அடுத்த சுருளிலும் பட்டை அப்படியே இருந்தது. அதன் பிறகே கேமரா, பல ஆண்டுகள் ஸ்டுடியோ கேமராக்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் வந்தது. வேலை முழுவதையும் அவர் செய்ய, உடனிருந்து குறிப்பெடுத்தது மட்டுமே இதை எழுதுபவரின் பங்கு.

நெகடிவை வைத்துச் செய்த ஆய்வு

உரிமையாளர் கைபேசியில் ஸ்கேன்களைக் காட்டத் தொடங்கியதும் பழுதுபார்ப்பவர், "போட்டோ இருக்கட்டும்மா, பிலிமை எடுத்துட்டு வாங்க" என்றார். அதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் செய்யும்போது படச்சட்டத்துக்கு வெளியே உள்ள ஓரங்கள் வெட்டப்பட்டுவிடுகின்றன. ஒளிக்கசிவைப் பற்றிய முதல் கேள்விக்கான விடை அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. லென்ஸ் வழியாகவோ ஷட்டர் திரை வழியாகவோ வரும் ஒளி பிலிம் கேட் எனப்படும் செவ்வகத் திறப்பைத் தாண்டியே பிலிமை அடைய முடியும் என்பதால், அதன் கறை படச்சட்டத்தின் எல்லையோடு நின்றுவிடும். கதவு இடுக்குகளின் வழியாக வரும் ஒளிக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது; அது ஓரத் துளைகள் வரையிலும், இரு படங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்திலும் படியும்.

நல்லவேளையாக லேப் நெகடிவைத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஒளிப்பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தபோது பட்டை ஓரத் துளைகளைக் கடந்து பிலிமின் விளிம்பு வரை சென்றிருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே அது கதவின் வழியாக வந்த ஒளி. அதன் நிறமும் இதையே உறுதிசெய்தது. கலர் நெகடிவில் சிவப்பொளியை ஏற்கும் படலம் அடித்தளத்தை ஒட்டிக் கீழே இருக்கிறது; லென்ஸை நோக்கிய முகத்தில் படும் ஒளி அந்தப் படலத்தைக் கடைசியாகத்தான் அடையும். பின்கதவுப் பக்கத்திலிருந்து வரும் ஒளியோ அடித்தளத்தை ஊடுருவி முதலில் அதைத்தான் தொடுகிறது, எனவே படத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தோன்றுகிறது. முன்பக்கத்திலிருந்து வந்திருந்தால் கறை வெளிறிய வெண்மையாக இருந்திருக்கும். கறுப்பு வெள்ளைச் சுருளில் இந்தத் துப்பு கிடைக்காது.

அடுத்த கேள்வி, கதவின் எந்தப் பகுதி என்பது. லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பிலிமில் விழுகிறது. இதன்படி படத்தின் வலது மேல் பகுதி என்பது, கேமராவைப் பின்னாலிருந்து பார்க்கையில் கேட்டின் இடது கீழ் மூலை. அந்தப் பக்கத்தில் இருப்பது பிலிம் கேசட்டின் அறையும் கதவின் தாழ்ப்பாளும். கடையில் இந்தத் திருப்பத்தைக் கணக்கில் எடுக்காமலே டேப் ஒட்டியிருந்தார்கள். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பித் தாழ்ப்பாள் பக்கத்தைச் சரிசெய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. காரணம், இது கேட்டுக்கு நேராக நிற்கும் படத்துக்கே பொருந்தும் கணக்கு. கேட்டின் இடப்புறம் கேசட்டை ஒட்டியுள்ள பிலிமில் இருப்பது அடுத்து எடுக்கப்போகும் படத்துக்கான இடம். வலப்புறம், சுற்றும் உருளையை ஒட்டியுள்ள பிலிமில் இருப்பது ஏற்கெனவே எடுத்து முடித்த படம். கதவின் அழுத்துத் தகடு கேட்டை முழுவதும் மூடியிருப்பதால், கதவு வழியாக வரும் ஒளி பெரும்பாலும் இந்த இரு பக்கங்களிலேயே விழும்.

இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க, கறை மிக அடர்ந்திருந்த தேவாலயப் படத்துக்குப் பின் கேமரா எங்கே இருந்தது என்று பழுதுபார்ப்பவர் கேட்டார். "அதை எடுத்ததும் ராமேஸ்வரம் வந்துட்டோம் சார். கேமராவைக் கார் பின்சீட்டுலேயே வச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டோம். நல்ல வெயில்" என்றார் உரிமையாளர். படம் எடுத்தவுடன் பிலிமைச் சுற்றிவிடும் பழக்கம் தனக்கு உண்டு என்பதையும் அவர் சொன்னார். அப்படியானால் கார் வெயிலில் நின்ற நேரம் முழுவதும் கேட்டில் இருந்தது, சாப்பிட்ட பிறகு எடுத்த பாம்பன் பாலத்தின் படத்துக்கான பகுதி. தேவாலயப் படம் கேட்டைத் தாண்டி வலப்புறம் போய்விட்டது. கேசட் பக்கம் கசிந்திருந்தால் பாலத்துக்கு அடுத்த படமும், கேட் பகுதியில் கசிந்திருந்தால் பாலத்தின் படமும் கெட்டிருக்க வேண்டும். கெட்டது தேவாலயம் என்பதால் கசிவு வலப்புறம், அதாவது கீல் பக்கம். கறை படத்தின் மேல் விளிம்பில் அடர்ந்திருந்ததால், இடம் கீலின் கீழ் முனை.

அந்த நெகடிவ் துண்டையே கேமராவுக்குள் வைத்து, பாலத்தின் படம் கேட்டுக்கு நேராக வரும்படி பொருத்திப் பார்த்தார்கள். தேவாலயப் படத்தின் கறை கேட்டுக்கும் சுற்றும் உருளைக்கும் இடையில், கீழ் விளிம்பில் வந்து நின்றது. கடைக்காரர்கள் வலப்பக்கம் என்று சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

திறந்து பார்த்தபோது

கீல் பக்கத்தில் ஒட்டியிருந்த அகலமான ஃபோம் பட்டை தார் போல இளகிப் போயிருந்தது. அதன் கீழ் முனையில் நகத்தளவு இடத்தில் ஃபோமே இல்லை. உலோகம் வெறுமனே தெரிந்தது. கதவின் விளிம்பு பதியும் மேல், கீழ்ப் பள்ளங்களிலும் ஃபோம் பொடியாக உதிர்ந்திருந்தது. இது கேமராவைப் பயன்படுத்தியதால் வந்த தேய்மானம் கிடையாது. அக்காலத்தில் அடைப்பாகப் பயன்பட்ட பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து நாளடைவில் சிதையக்கூடியது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் அது விரைவாகவே நடக்கும். கேமரா பீரோவில் சும்மா கிடந்தாலும் நடக்கும். லென்ஸின் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி, படமெடுக்கையில் மேலெழும்போது மோதும் இடத்தில் இருந்த மெல்லிய ஃபோமும் அதே நிலையில்தான் இருந்தது.

எடுத்த முடிவுகள்

ஒழுகும் முனையை மட்டும் அடைத்தால் போதும் என்று உரிமையாளர் கருதினார். எல்லா அடைப்புகளையும் மாற்றுவதென்று பழுதுபார்ப்பவர் முடிவு செய்தார். ஒரே வயதுடைய ஒரே பொருள் ஓரிடத்தில் அழிந்துவிட்டால் மற்ற இடங்களில் அழிவதும் காலத்தின் கேள்விதான் என்பது ஒரு காரணம். உதிரும் துகள்கள் ஷட்டர் திரையிலும் ஃபோகஸ் திரையிலும் (கண்ணாடிக்கு மேலே காட்சி விழும் தகடு) ஒட்டிக்கொண்டால் அவற்றை எடுப்பது அடைப்பை மாற்றுவதைவிடக் கடினம் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் சற்று யோசனை தேவைப்பட்டது. அளவாக வெட்டிய ஃபோம் தொகுப்புகள் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் கிடைக்கின்றன. அவை வந்து சேரும் வரை காத்திருக்க முடியும் என்றாலும், புதிய ஃபோமும் சென்னை ஈரத்தில் ஒருநாள் சிதையும். ஆகவே பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலும், கீல் பக்கத்துக்குக் குட்டையான இழை கொண்ட கறுப்பு வெல்வெட் ரிப்பனும் தேர்வாகின. இரண்டும் தையல் பொருள் கடையில் கிடைப்பவை. இரண்டும் பிசுபிசுப்பாக மாறாதவை. கறுப்பாகத் தெரியும் ரிப்பன்கள் எல்லாம் ஒளியைத் தடுப்பதில்லை என்பதால், வாங்கியவற்றைக் கைபேசி விளக்கின் மேல் விரித்துப் பார்த்ததில் ஒன்றின் நெசவு வழியே ஒளி பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அது ஒதுக்கப்பட்டது. கண்ணாடி மோதும் இடத்துக்கு மட்டும், அதிர்வைத் தாங்க வேண்டும் என்பதால், மெல்லிய ஃபோமே வைக்கப்பட்டது.

செய்த வேலை

பழைய ஃபோமை அகற்றுவதுதான் நீண்ட நேரம் பிடித்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஊறவைத்து, முனை மழுக்கிய மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தார்கள். உலோகக் கருவி பள்ளத்தின் கறுப்புப் பூச்சைக் கீறி, அந்தக் கீறலே ஒளியைப் பிரதிபலிக்கத் தொடங்கும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். ஷட்டர் திரையின் மேல் எதையும் ஒட்டாமல் ஒரு காகிதத்தை மட்டும் சாய்த்து வைத்து, துகள்கள் வெளிப்புறமாக விழும்படி கேமராவைச் சரித்துப் பிடித்தே வேலை நடந்தது. கண்ணாடியின் அருகில் வேலை செய்கையில் ஆல்கஹால் மிகக் குறைவாகவே பயன்பட்டது. அதன் பிரதிபலிக்கும் பூச்சு முன்முகத்தில் இருப்பதால் துடைத்தாலே உரியும். மேலே உள்ள பிளாஸ்டிக் ஃபோகஸ் திரையும் கரைப்பான்களைத் தாங்காது. வெளியே ஒட்டியிருந்த டேப்பை உரித்தபோது அதன் பசையைக் கழுவி எடுப்பதும் கூடுதல் வேலையாயிற்று.

நூலையும் ரிப்பனையும் ஒட்ட ரப்பர் பசை மெல்லியதாகத் தடவப்பட்டது. உடனே இறுகும் சூப்பர் பசையின் ஆவி அருகிலுள்ள பரப்புகளில் வெண்மையாகப் படியும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது. ரிப்பனின் தடிமன் கூடினால் கதவு தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டும். முதலில் வைத்த ரிப்பன் அப்படித்தான் இருந்தது. அதன் விளிம்பு மடிப்பை வெட்டிவிட்டு மீண்டும் வைத்த பிறகு கதவு வழக்கம்போல் மூடியது.

முதல் சோதனையும் அதன் விளைவும்

400 வேகக் கறுப்பு வெள்ளைப் பிலிம் துண்டு ஒன்றை ஏற்றி, லென்ஸ் மூடியைப் போட்டு, உச்சி வெயிலில் கேமராவின் ஒவ்வொரு பக்கமும் சூரியனைப் பார்க்கும்படி வைத்து எடுத்தார்கள். பக்கம் மாறும்போதெல்லாம் ஒரு படத்துக்கான தூரம் பிலிம் சுற்றப்பட்டது. வீட்டிலேயே டெவலப் செய்த அந்தத் துண்டு, அடித்தளத்தின் இயல்பான சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் சுத்தமாக வந்தது. கதவைப் பற்றிய வேலை முடிந்தது என்ற முடிவு சரியானதே. கேமராவைப் பற்றிய வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டதற்கு இந்தச் சோதனை இடம் தரவில்லை. லென்ஸ் மூடி போட்டிருந்ததால், முன்பக்கத்திலிருந்து வரக்கூடிய ஒளியை அது சோதிக்கவே இல்லை.

உரிமையாளர் அடுத்து எடுத்த கலர் சுருளில் சிவப்புப் பட்டை அறவே இல்லை. ஆனால் மெரினாவில் எடுத்த படங்களின் வானத்தில், இடது மேல் பகுதியில், அதே வெள்ளைப் புள்ளி இருந்தது. பட்டை இருந்தவரை அதன் அருகில் யாரும் பொருட்படுத்தாத ஒன்று, இப்போது தனியாக நின்றதால் கண்ணை உறுத்தியது.

நெகடிவில் ஒட்டிய தூசியும் படத்தில் வெள்ளையாகத்தான் விழும் என்பதால், ஸ்கேனை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. உருப்பெருக்கியில் பார்த்தபோது நெகடிவின் மேல் எந்தத் துகளும் இல்லை. பிலிமிலேயே ஒரு கறுத்த புள்ளி பதிந்திருந்தது. புள்ளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில், சட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது. உரிமையாளர் குறித்து வைத்திருந்த வேகங்களோடு ஒப்பிட்டபோது 1/500, 1/1000 வேகங்களில் எடுத்தவற்றில் அது தெளிவாகவும், 1/60-இல் எடுத்தவற்றில் தேடினாலும் காணாததாகவும் இருந்தது. இந்த வேறுபாடு ஷட்டரின் முதல் திரையை, அதாவது இரண்டில் முதலில் ஓடிக் கேட்டைத் திறக்கும் திரையைச் சுட்டியது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுந்து, அதன் பிறகே முதல் திரை ஓடத் தொடங்குகிறது. அந்தச் சிறு இடைவெளியில் லென்ஸின் ஒளி முழுவதும் மூடிய திரையின் மேல் விழுகிறது. திரையில் துளை இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கிடைக்கும். இடைவெளியின் நீளம் மாறாதது. 1/60 நொடி நேரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியாது, 1/1000 நொடியோடு ஒப்பிட்டால் பல மடங்கு பெரிது. துளை கடத்துவது அந்த இடத்தில் விழும் காட்சியின் ஒளியை மட்டுமே என்பதால், பிரகாசமான வானத்தில் தெரிந்த புள்ளி இருண்ட பகுதிகளில் தெரியவில்லை.

இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, ஷட்டரை இழுத்து இயக்கத் தயாராக வைத்து, கண்ணாடியை விரலால் மெதுவாக உயர்த்தி முன்னாலிருந்து விளக்கைக் காட்டியபோது, கேட்டின் வலது கீழ்ப் பகுதியில், எதிர்பார்த்த இடத்திலேயே, ஒரு நட்சத்திரப் புள்ளி தெரிந்தது. வேறு துளைகள் இல்லை.

இரண்டாவது பழுதும் தீர்வும்

திரையையே மாற்றுவது முழுமையான தீர்வு. ஆனால் அதற்குக் கேமராவைப் பெருமளவு பிரிக்க வேண்டும்; இரு திரைகளின் இழுவிசையையும் மறுபடி அளந்து அமைக்க வேண்டும். ஒரே ஒரு துளைக்காக, மற்றபடி நெகிழ்வோடு இருக்கும் திரையைக் கழற்றுவது தகாது என்று பழுதுபார்ப்பவர் கருதினார். புள்ளியைக் கணினியில் அழித்துவிட்டு அப்படியே தொடர்வதும் ஒரு வழியாகப் பேசப்பட்டது. அச்சறையில் பிரதி எடுக்கும் எண்ணம் உரிமையாளருக்கு இருந்ததால் அது கைவிடப்பட்டது.

துணிகளுக்குத் தீட்டும் கறுப்பு வண்ணத்தை நீர் சேர்த்து இளக்கி, மிக நுண்ணிய தூரிகையின் முனையால் துளையின் மேல் பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு தொடுதல் வைக்கப்பட்டது. பூச்சு தடித்தால் திரை உருளையில் சுருளும்போது இடிக்கும். அதன் வேகம் மாறும். துளை உருளைக்குள் சுருண்டு ஒட்டிக்கொள்ளாதிருக்க, ஷட்டரை இழுத்த நிலையிலேயே இரவு முழுவதும் கதவைத் திறந்து உலரவிட்டார்கள். மறுநாள் பிலிம் இல்லாமல் எல்லா வேகங்களிலும் பலமுறை இயக்கிய பின், சீராக ஒளியூட்டிய வெள்ளைச் சுவரை 1/1000-இல் படமெடுத்து, நெகடிவின் இரு ஓரங்களிலும் கருமை ஒரே அளவாக இருப்பதை உறுதிசெய்தார்கள்.

பின்விளைவு

அதன் பிறகு எடுத்த சுருள்களில் பட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றைக் கடந்த பின் கதவைத் திறந்து பார்த்தபோது வெல்வெட் அப்படியே இருந்தது. தாழ்ப்பாள் அருகில் கம்பளி நூல் சற்று அமுங்கியிருந்ததால் அந்தத் துண்டு மட்டும் மாற்றப்பட்டது. திரையின் மேலிருந்த பூச்சு விரிசல் விடவில்லை. கேமரா இப்போது தோல் உறையில் இல்லை. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வெயில் சோதனையை இனி இரு பகுதிகளாகச் செய்வதென்று பழுதுபார்ப்பவர் வைத்துக்கொண்டார். முதல் பாதி லென்ஸ் மூடியுடன், கதவுக்காக. இரண்டாம் பாதி மூடியில்லாமல், தெளிந்த வானத்தை நோக்கி 1/1000-இலும் 1/60-இலும் மாற்றி மாற்றி, திரைக்காக. பிலிம் செலவு இதனால் அதிகம் கூடுவதில்லை. இருட்டறையில் விளக்கைக் கொண்டு திரையைப் பார்ப்பதை, கதவைத் திறந்த முதல் நாளிலேயே செய்துவிடுவதும் வழக்கமாக்கப்பட்டது.

உரிமையாளர் தரப்பில் மாறியவை இரண்டு. சுருளைக் கொடுக்கும்போதே நெகடிவைத் திருப்பித் தர வேண்டும், ஓரம் தெரியும்படி ஒரு துண்டையாவது ஸ்கேன் செய்ய வேண்டும் என்று லேபில் எழுதிக் கொடுக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தோடு, அதற்குப் பின் கேமரா வெயிலில் எங்கேனும் வைக்கப்பட்டதா என்பதையும் குறிக்கிறார். ராமேஸ்வரத்தில் காரை நிறுத்திய விவரம் நினைவில் இருந்திராவிட்டால் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் இடையே தீர்மானிக்க இன்னொரு சுருள் தேவைப்பட்டிருக்கும்.

திரையைப் பொறுத்தவரை, இரண்டாவது துளை தோன்றினால் அதன் மேல் வண்ணம் வைப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரப்பர் பூச்சு பல இடங்களில் வெடிக்கத் தொடங்கியதற்கு அது அடையாளமாகும் என்பதால், அப்போது திரை முழுவதும் மாற்றப்படும்.